‘மாமியார் காதில் விழாமல் எப்படிப் பேசுவது?’ ஆன்லைன் கவுன்சலிங்: வாசகர் கேள்வி – பதில்

மனச்சோர்வு பற்றிய முந்தைய பக்கத்தில், ஆன்லைனிலேயே கவுன்சலரிடம் பேசலாம் என்று போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தோம். கடிதங்கள் எல்லாம் அந்த இரண்டு வரிக்குத்தான் வந்திருக்கின்றன. மனசைப் பற்றிக் கேட்டவர்களைவிடக் கதவு, காது, காசு, நெட் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். நியாயமான கேள்விகள்தான், ஏனென்றால் ஆன்லைன் கவுன்சலிங் பெரும்பாலும் தடைப்பட்டு நிற்பது இந்த இடங்களில்தான். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

எனக்கு 38 வயது. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். பிள்ளைகளும் கணவரும் கிளம்பிய பிறகும் மாமியார் ஹாலில்தான் இருப்பார். கதவைச் சாத்தினாலே ‘யார்கிட்ட பேசற?’ என்று குரல் வரும். எனக்கு இதெல்லாம் சாத்தியமா?
– வாசகி, திண்டுக்கல்

சாத்தியம்தான். ஆனால் முதலில் இடத்தைப் பிடியுங்கள், அப்புறம் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணம் கட்டி, நேரம் குறித்து, கடைசி நிமிடத்தில் பாத்ரூம் வாசலில் நின்று கிசுகிசுத்துவிட்டு, ‘இது நமக்கு ஒத்து வரலை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரு செஷன் 45 முதல் 50 நிமிடம். முன்னால் ஒரு 10 நிமிடம், முடிந்த பிறகு ஒரு 10 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத முகத்தோடு நேராக அடுப்படிக்குப் போனால் அடுத்த விசாரணை அங்கேயே ஆரம்பித்துவிடும். ஆக, வாரத்துக்கு 70 நிமிடம் தேவை. மாமியார் கோயிலுக்குப் போகும் நேரம், மதியத் தூக்கம், தவறாமல் பார்க்கும் சீரியல் என்று ஒரு வாரம் கவனித்து எழுதினால் அந்த 70 நிமிடம் எங்கேயாவது அகப்படும். நாளும் நேரமும் வாராவாரம் ஒன்றாகவே இருக்கட்டும். மாறிக்கொண்டே இருந்தால்தான் வீட்டில் கேள்வி வரும்.

மொட்டைமாடி நல்ல இடம். ஆனால் காற்று மைக்கில் அடித்தால் எதிர்முனையில் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். தண்ணீர்த் தொட்டியின் காற்றுப் படாத பக்கமாக உட்காருங்கள். மாடிப்படித் திருப்பம் வேண்டவே வேண்டாம், அங்கே பேசுவது கீழ்வீடு வரை எதிரொலிக்கும். நிழலில் நிறுத்திய கார் இருந்தால் அதைவிடச் சிறந்த அறை கிடையாது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஓட்டிக்கொண்டே பேச எந்தப் பொறுப்பான கவுன்சலரும் சம்மதிக்க மாட்டார்.

அறைக்குள்ளேயே பேசுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். இயர்போன் கவுன்சலரின் குரலைத்தான் மறைக்கும், உங்கள் குரலை மறைக்காது. மைக் வைத்த சாதாரண வயர் இயர்போன் போதும். மைக் வாய்க்கு அருகில் இருந்தால் தாழ்ந்த குரலே எடுபடும். கதவின் அடியிடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வையுங்கள். ஃபேன் சத்தம் உதவும், ஆனால் அது கதவுக்கு வெளிப்பக்கம் ஓட வேண்டும். உள்ளே ஓடினால் உங்கள் மைக்கில்தான் ஏறும். ஒத்திகை பார்க்க ஒரு வழி உண்டு: நீங்கள் பேசும் அளவில் ஏதாவது பேச்சை அறைக்குள் போனில் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மாமியார் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ‘யாரோ பேசுகிறார்கள்’ என்பதுவரை தெரிந்தால் பரவாயில்லை. வார்த்தை புரியக்கூடாது, அவ்வளவுதான்.

ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே இணைத்து வைத்த ஹால் ஸ்பீக்கர் யாராவது ஆன் செய்ததும் தானாக ஒட்டிக்கொண்டு, உங்கள் கவுன்சலரின் குரல் ஹாலில் ஒலிக்கும். நடக்கிற விஷயம்தான்.

முதல் செஷனிலேயே கவுன்சலரோடு ஒரு சங்கேத வாக்கியம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘மளிகை லிஸ்ட் அப்புறம் அனுப்பறேன்’ என்று நீங்கள் சொன்னால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருள். அவர் உடனே பேச்சை நிறுத்த வேண்டும். நீங்களாகத் தகவல் அனுப்பும்வரை திரும்ப அழைக்கவும் கூடாது. லாக் ஸ்கிரீனில் மெசேஜின் முதல் வரி தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மாற்றுங்கள். யூபிஐயில் கட்டும் பணத்துக்கான எஸ்எம்எஸ் யார் போனுக்குப் போகிறது என்றும் பார்த்துவிடுங்கள். கூட்டுக் கணக்கென்றால் பாஸ்புக்கில் கிளினிக் பெயரே அச்சாகி வரும்.

மாமியாருக்கு என்ன சொல்வது? ‘தூக்கம் வரலைன்னு டாக்டரம்மாகிட்ட போன்ல பேசறேன் அத்தை’ என்றால் பெரும்பாலும் போதும். பெரிய பொய்யும் இல்லை, தொடர்கேள்விக்கும் இடமில்லை. ஆனால் வீட்டில் அடி உதை இருக்கிறது, உங்கள் போனை யாரோ பிரித்துப் பார்க்கிறார்கள் என்றால் இந்த யோசனைகள் போதாது. அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே கவுன்சலரிடம் சொல்லிவிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181-ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில்தான் பேச வேண்டுமா? முகத்தைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், காரைக்குடி

முதல் இரண்டு செஷன் மட்டும் வீடியோவில் இருந்தால் நல்லது. கை நடுக்கம், கண் கலங்குவது, பதிலுக்கு முன் வரும் நீண்ட மௌனம் எல்லாம் ஆடியோவில் பாதி தொலைந்துவிடும். பிறகு ஆடியோவுக்கு மாறலாம். வீடியோ கூச்சத்துக்குப் பாதிக் காரணம், திரையின் மூலையில் நம் முகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது. செயலியில் சுயபடத்தை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுங்கள். ஒரு வீடியோ செஷன் ஏறக்குறைய அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை டேட்டா தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நெட்டில் தேடினால் தெருவுக்கு ஒரு கவுன்சலர் வருகிறார். யார் நிஜம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ஈரோடு

மூன்று வகையினரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் செய்பவர். மத்திய அரசின் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும், மருந்து எழுத முடியாது. மூன்றாவது வகைதான் சிக்கல். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்து, மூத்தவர்களிடம் பயிற்சி பெற்ற தரமான ஆலோசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வார இறுதியில் சான்றிதழ் வாங்கியவரும் அதே ‘கவுன்சலர்’ பலகையைத்தான் மாட்டுகிறார். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இதை ஒழுங்குக்குள் கொண்டுவர வழிசெய்திருக்கிறது. அது முழுதாக வேர் பிடிக்கும்வரை விசாரிக்கும் வேலை நம்முடையதுதான்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே? ஆர்.சி.ஐ. பதிவு இருந்தால் எண் என்ன? (அவர்கள் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.) என் மாதிரிப் பிரச்சினைக்கு எந்த முறையில் வேலை செய்வீர்கள்? உங்களுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் ஆலோசிப்பீர்கள்? கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கட்டணம் என்ன ஆகும்? நல்லவர்கள் இதற்கெல்லாம் இரண்டு நிமிடத்தில் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். நான்காவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். தேர்ந்த ஆலோசகருக்கும் மேலே ஒரு மூத்தவர் இருப்பார். ‘எனக்கு யாரும் தேவையில்லை’ என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றே செஷனில் குணம் என்று உத்தரவாதம் தருவது, முதல் நாளே 20 செஷனுக்கு மொத்தமாகப் பணம் கேட்பது, பூர்வஜென்மம், ஜாதகம் என்று வண்டியைத் திருப்புவது, மாத்திரைப் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, வேறொரு க்ளையன்டின் கதையை உங்களிடம் சுவாரஸ்யமாகச் சொல்வது – இவற்றில் ஒன்று நடந்தாலே விலகலாம். கதை சொல்பவர் உங்கள் கதையையும் சொல்வார். கட்டணம் ஊருக்கும் படிப்புக்கும் தக்கபடி சில நூறு ரூபாயிலிருந்து இரண்டு மூன்று ஆயிரம்வரை போகிறது. கட்டணத்தை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள். காசு இல்லையென்றால் மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. 14416-க்கு அழைத்தால் இலவசம், தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நேரில் போக மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்.

29 வயது, ஐடி வேலை. பதற்றத்துக்காக ஆன்லைனில் நான்கு செஷன் முடித்துவிட்டேன். நான் பேசுகிறேன், அவர் ‘ம்ம்’ என்கிறார். ஒரு மாற்றமும் இல்லை. இது வெறும் பேச்சுதானே? விட்டுவிடலாமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

விடுவதற்கு முன் இதே வாக்கியத்தை அவரிடம் சொல்லிப் பாருங்கள்: ‘நான்கு செஷன் ஆச்சு, எனக்கு மாற்றம் தெரியலை. எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?’ கவுன்சலரின் மனம் புண்படும் என்று நம்மவர்கள் இதைச் சொல்லாமல், சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறார்கள். கவுன்சலருக்குக் காரணம் தெரியாது, உங்களுக்குப் பலன் கிடைக்காது, பணம் மட்டும் போயிருக்கும்.

நான்காவது செஷனுக்குள் மூன்று விஷயம் நடந்திருக்க வேண்டும். ஒன்று, இலக்கு. ‘நிம்மதி வேணும்’ என்பது இலக்கு ஆகாது. ‘திங்கள் காலை மீட்டிங்கில் வயிற்றைக் கலக்காமல் பேச வேண்டும்’ என்பது இலக்கு. இரண்டு, அளவு. பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள், மனச்சோர்வுக்கு பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். முதலாவதில் அதிகபட்சம் 21, இரண்டாவதில் 27. எதில் 10-ஐத் தொட்டாலும் கவனிக்க வேண்டிய நிலை. முதல் வாரம் 15 இருந்தது ஆறாவது வாரம் 9 ஆனால், மனம் ‘ஒன்றும் மாறலை’ என்று சாதித்தாலும் ஏதோ நகர்கிறது. இரண்டு மாதமாக 15-லேயே நின்றால் வழியை மாற்ற வேண்டும்.

மூன்றாவது வீட்டுப்பாடம். அதுதான் உங்களிடம் விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறோம். வாரத்தின் 168 மணி நேரத்தில் கவுன்சலரோடு இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. மிச்ச நேரத்தில் ஒன்றுமே செய்யாவிட்டால் அது வெறும் பேச்சாகத்தான் முடியும். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் எழுதச் சொல்லும் தாள் எப்படி இருக்கும் என்று காட்டுகிறோம்:

நேரம்: செவ்வாய் காலை 10.40. நடந்தது: டீம் லீட் ‘அப்புறம் பேசலாம்’ என்று ஒரே வரி அனுப்பினார். மனதில் ஓடியது: ‘என்னைத் தூக்கப் போறாங்க.’ எவ்வளவு நம்பினேன்: 85 சதவீதம். உடம்பு: நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை. செய்தது: மதியம் சாப்பிடவில்லை, மெயிலை நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன்.

இதுவரை எழுதுவது சுலபம். அடுத்த இரண்டு கட்டத்தில்தான் வேலை இருக்கிறது. நான் நினைத்ததற்கு ஆதாரம் என்ன: ஒற்றை வரி பதில், போன மாதம் ஒரு தவறு நடந்தது. எதிர் ஆதாரம் என்ன: அவர் எல்லாருக்குமே ஒற்றை வரிதான் அனுப்புவார், அன்று அவருக்கு அடுத்தடுத்து மூன்று மீட்டிங், போன வாரம்தான் புது வேலை ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார். இதை எழுதிவிட்டு மறுபடி நம்பிக்கையைக் கணக்கிட்டால் 85 என்பது 40 ஆகியிருக்கலாம். பூஜ்யம் ஆகாது, ஆகவும் வேண்டாம். பூஜ்யம் ஆகவில்லையே என்று தாளைத் தூக்கிப் போடுவது பலர் செய்யும் தவறு. இன்னொரு தவறு, செஷனுக்குப் பத்து நிமிடம் முன்னால் வாரம் முழுவதற்கும் சேர்த்து நினைவிலிருந்து எழுதுவது. படபடப்பு இருக்கும்போதோ, அடங்கிய அரை மணிக்குள்ளோ போன் நோட்ஸில் நான்கு வார்த்தை குறித்தால்தான் சரக்கு இருக்கும்.

ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள்: அன்றைக்குக் குடித்த காபி எத்தனை, தூங்கிய நேரம் எவ்வளவு. படபடப்பின் ஒரு பங்கு சில சமயம் நான்காவது காபியிலிருந்து வரும். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் பதற்றம் போலவும் சோர்வு போலவும் வேஷம் போடும். இதுவரை பார்க்கவில்லையென்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு பேசியும் அவர் ‘ம்ம்’ என்பதோடு நின்றால் ஆளை மாற்றுங்கள். கவுன்சலரும் க்ளையன்டும் ஒத்துப்போவது சிகிச்சையின் பலனைத் தீர்மானிக்கும் முக்கியமான விஷயங்களில் ஒன்று. மாற்றும்போது பழையவரிடம் ஒரு சுருக்கக் குறிப்புக் கேட்டு வாங்குங்கள், முதலிலிருந்து கதை சொல்லும் அலுப்பு இருக்காது.

கல்லூரியில் படிக்கும் 19 வயது மகளுக்கு ஆன்லைனில் கவுன்சலிங் ஏற்பாடு செய்தேன். என்ன பேசினாள் என்று கேட்டால் கவுன்சலர் சொல்ல மறுக்கிறார். பணம் கட்டுவது நான்தானே?
– தந்தை, தஞ்சாவூர்

அந்த கவுன்சலரை மாற்றிவிடாதீர்கள், நல்லவர் கிடைத்திருக்கிறார். மகளுக்கு 18 முடிந்துவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு, சிகிச்சை பற்றிய ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை என்கிறது. ஃபீஸ் யார் கட்டினாலும் அது மாறாது. அவளுடைய உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் கவுன்சலர் ரகசியத்தை உடைத்து உங்களை அழைப்பார். அதை முதல் நாளே உங்கள் மகளிடமும் சொல்லியிருப்பார்.

நீங்கள் கேட்கக்கூடியது வேறு உண்டு: ஒழுங்காக வருகிறாளா, வீட்டில் நாங்கள் எதை மாற்றிக்கொள்ளலாம், மகள் சம்மதித்தால் மூவரும் சேர்ந்து ஒரு செஷன் பேசலாமா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் வழி பிறக்கும். செஷன் முடிந்து அவள் வெளியே வரும்போது ‘என்னம்மா சொன்னாங்க?’ என்று வாசலில் நிற்காதீர்கள். ‘காபி போடவா?’ என்று கேளுங்கள், அது போதும்.

துபாயில் வேலை, ஆறு பேர் தங்கும் ரூம். ஊர்க் கவுன்சலரிடம் தமிழில் பேச ஆசை. வாட்ஸ்அப் கால் இங்கே போகாதே?
– வாசகர், துபாய்

போகாது. அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் மட்டும்தான், பேச்சு அழைப்புக்குத் தடை. ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் அனுமதிக்கப்பட்டவை, அவற்றில் பேசுங்கள். விபிஎன் போட்டு வாட்ஸ்அப்பைத் திறக்கும் யோசனை வேண்டாம், சட்டச் சிக்கல் வரும். நேரம் குறிக்கும்போது ‘இந்திய நேரம்’ என்று எழுதியே வாங்குங்கள். துபாய் மாலை 7.30 என்றால் இங்கே இரவு 9. இந்த ஒன்றரை மணி நேரக் குழப்பத்தில் போகும் செஷன்கள் கொஞ்சநஞ்சமல்ல. இடத்துக்கு, ரூம்காரர்கள் ஷிஃப்டில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள், அல்லது கூட்டமில்லாத பூங்கா பெஞ்ச். இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் இயங்கும் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா என்ற வெளிநாடுவாழ் இந்தியர் உதவி மையத்திலும் ஆலோசனை உதவி கேட்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே சிகிச்சையாளரின் உரிமம் மாநிலவாரியானது. நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்களோ அங்கே அவருக்கு உரிமம் வேண்டும். அதனால்தான் சில ஊர்க் கவுன்சலர்கள் ‘முடியாது’ என்கிறார்கள். தமிழ் பேசும் உரிமம் பெற்றவரை அங்கேயே தேடுவது நல்லது.

ஆப்பில் சேரும்போது தூக்கம், மது, தாம்பத்தியம் என்று 30 கேள்வி கேட்கிறார்கள். அதெல்லாம் யாருக்குப் போகும்?
– வாசகி, கோவை

சந்தேகப்படுவது சரிதான். பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க நிறுவனம், ரகசியம் என்று சொல்லி வாங்கிய விவரங்களை ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேடு கமிஷன் 2023-ல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கொடுத்து வழக்கு முடிவுக்கு வந்தது. இங்கே 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆனாலும் கேள்வித்தாளில் கட்டாயமானதை மட்டும் நிரப்புங்கள், மிச்சத்தைச் செஷனில் வாயால் சொல்லலாம். ஃபேஸ்புக் கணக்கை வைத்து உள்ளே நுழையாதீர்கள், தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். கான்டாக்ட், கேலரி அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். செஷன் பதிவாகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பதிவு செய்வதென்றால் உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

மனநல மருத்துவர் தந்த மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். ஆன்லைன் கவுன்சலர் ‘இனிமே மாத்திரை வேண்டாம், பேச்சே போதும்’ என்கிறார்.
– வாசகர், வேலூர்

சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். அதை ‘நோய் திரும்பிவிட்டது’ என்று நினைத்துப் பயந்துபோவார்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள், அவர் வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். அந்த கவுன்சலரிடம் தொடர்வதைப் பற்றியும் யோசியுங்கள்.

இரவு 11 மணிக்கு மேல் ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு வருகிறது. கவுன்சலரிடம் சொன்னால் போலீஸ், வீடு என்று போய்விடுமோ என்று மறைக்கிறேன்.
– பெயர், ஊர் வேண்டாம்

உங்கள் கடிதத்துக்கு அஞ்சலிலேயே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறோம். சொல்லுங்கள். அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் இன்றே மெசேஜில் சொல்லுங்கள். இப்படி நினைப்பது குற்றமில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு.

சொன்னதும் கவுன்சலர் பதறமாட்டார். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், தனியாக இருக்கிறீர்களா, ஏதாவது முடிவு செய்திருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்பார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு காகிதத்தில் எழுதுவீர்கள்: அந்த நினைப்பு வரப்போகிறது என்பதற்கான அடையாளங்கள், நீங்களே செய்து பார்க்கக்கூடியவை, போய் உட்காரக்கூடிய மனிதர்கள், அழைக்க வேண்டிய எண்கள், வீட்டிலிருந்து அகற்ற வேண்டிய பொருட்களை யார் எடுத்து வைப்பது என்பது. முதல் செஷனில் உங்கள் முகவரியும் நெருங்கியவர் ஒருவரின் எண்ணும் வாங்குவது இதற்காகத்தான். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் எழுந்து வந்து கதவைத் தட்ட முடியாதல்லவா? பொய் முகவரி கொடுக்காதீர்கள்.

இன்றிரவு தனி அறையில் படுக்க வேண்டாம். ஹாலில் யாருடனாவது படுங்கள், அவர்களிடம் ஒரு வரி சொல்லிவிட்டு. 14416, தமிழ்நாட்டின் 104 இரண்டும் இரவிலும் எடுப்பார்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. நினைப்பு திட்டமாக மாறுகிறது என்றால் 108-ஐ அழையுங்கள், அல்லது ஒருவரைக் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வாரம் ஒருமுறை ஆன்லைன் என்பது வேறு சில நிலைகளுக்கும் போதாது: யாரும் பேசாத குரல் காதில் கேட்பது, நாட்கணக்கில் தூங்காமலேயே அபார உற்சாகம், சாப்பாட்டை அறவே விடுவது, பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தொடவே பயப்படுவது, தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தியதும் வரும் நடுக்கம். இவற்றுக்கு நேரில் மருத்துவர் வேண்டும். கடைசியாகச் சொன்னது வலிப்பில் போய் முடியலாம்.

ஏஐ சாட்பாட்டிடம் பேசுகிறேன், நன்றாகத்தான் பதில் சொல்கிறது. போதாதா?
– மாணவி, மதுரை

மனதில் இருப்பதைக் கொட்டி ஒழுங்குபடுத்த, தாளில் எழுதுவது போலப் பயன்படுத்தலாம். ஆனால் அது பெரும்பாலும் நீங்கள் சொல்வதற்கே தலையாட்டும். ‘போன வாரமும் இதையே சொல்லித் தப்பித்தீர்கள்’ என்று பிடிக்காது. பதற்றக்காரர்கள் திரும்பத் திரும்ப ‘எனக்கு ஒன்றும் இல்லையே?’ என்று கேட்டு ஆறுதல் வாங்குவார்கள். ஒவ்வொரு ஆறுதலும் பத்து நிமிடம் தாங்கும், பிறகு மறுபடி கேட்கத் தோன்றும். அலுக்காமல் ஆயிரம் முறை ஆறுதல் சொல்லும் ஒன்று அந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

நான் அழ ஆரம்பிக்கும் நேரம் பார்த்து நெட் போய்விடுகிறது. அப்புறம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.
– வாசகி, கூடலூர்

முதல் செஷனிலேயே பேசி வைக்க வேண்டியது இது. லைன் அறுந்தால் யார் யாரை அழைப்பது? கவுன்சலர்தான் அழைப்பார் என்று வையுங்கள், இருவரும் ஒரே சமயம் அழைத்து இருவருக்கும் பிஸி வரும் கூத்து இருக்காது. மூன்று நிமிடத்துக்குள் வீடியோ வராவிட்டால் சாதாரண போன் கால். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு எஸ்எம்எஸ்: ‘பத்திரமாக இருக்கிறேன், மீதியை நாளை 11 மணிக்குப் பேசலாம்.’ காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்து, மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவதும் உதவும். விட்டுப்போன நிமிடங்களுக்குக் கட்டணம் எப்படி என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். மலைப்பகுதியில் மழை நேரத்தில் டவர் போவது வழக்கமென்றால் வீடியோவையே விட்டுவிட்டு லேண்ட்லைனுக்கு மாறலாம், பெரும்பாலான கவுன்சலர்கள் மறுக்கமாட்டார்கள்.